கேட்ட ஊர்

துவரம் பருப்பில் வண்டு இருக்கிறது என்று வீராம்பட்டினம் தனக்கொடி அனுப்பிய புகாருக்கு, மிஷின் கண் இமைக்கும் நேரத்தில் பதில் தயார் பண்ணிவிட்டது.

"தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது. வண்டு குறித்த விவரங்களை உரிய வழியாக மூன்று பிரதிகளில் அனுப்பிவைக்கவும். ஆவன செய்யப்படும்."

கோபிநாத் அதை இரண்டு தடவை படித்தான். ஒரு பிழை இல்லை. அவனே உட்கார்ந்து எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பான். அதுதான் தொல்லை.

"இன்னா மேடம் இது? இதுக்கா உங்களைச் சென்னையிலேர்ந்து வரவழைச்சோம்?"

சிந்துஜா சிரிக்காமல் பதில் சொன்னாள். அலுவலகங்களுக்கு ஏஐ கொண்டுவந்து பழக்கிவிடுவதுதான் அவள் தொழில். "அது மேல தப்பே இல்ல சார். இருபது வருஷத்துக் கடிதத்தையெல்லாம் படிக்கக் கொடுத்தீங்க. படிச்சுது. இந்த ஆபீஸ் எப்படியோ அதுவும் அப்படியே ஆயிடுச்சு."

"அப்ப ரொம்ப நல்லா படிச்சிருக்கு."

"அதான் பிரச்சனையே. மிஷினைத் தயார் பண்றது ரெண்டு நாள் வேலை. ஆபீஸைத் தயார் பண்றதுதான்..." என்று இழுத்தவள் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

கோபிநாத் கரையோரக் கூட்டுறவுப் பண்டகசாலைச் சங்கத்தின் கடிதப் பிரிவுக் கண்காணிப்பாளன். சங்கத்துக்குத் தலைமை அலுவலகம் புதுச்சேரி முதலியார்பேட்டையில். மளிகைக் கடைகள் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, யானாம் என்று நாலு இடத்திலும் உண்டு. பிரெஞ்சுக்காரன் எங்கெல்லாம் நங்கூரம் போட்டானோ அங்கெல்லாம் நமக்கு ஒரு கடை. அவன் பாட்டுக்குக் கப்பலேறிப் போய்விட்டான். அந்தந்த ஊரில் கடையைப் பார்த்துக்கொள்ள இங்கிருந்து ஆள் போக வேண்டியிருக்கிறது. சொல்லுங்கள், இது நியாயமா?

நியாயமில்லை என்று கோபிநாத்துக்கு நன்றாகவே தெரியும். அவன் மனைவி சரிதாவும் இதே சங்கம்தான். கல்யாணமாகி இரண்டு வருஷம் சேர்ந்து இருந்தார்கள். அப்புறம் யானாம் கடைக்கு மேலாளராக அவளுக்கு ஆர்டர் வந்தது. "ரெண்டே வருஷம்மா, கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும்" என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது நாலாவது வருஷம் நடக்கிறது. கோபிநாத்தும் கண்ணை மூடிமூடித் திறந்து பார்க்கிறான். கண்தான் வலிக்கிறது.

அவளுக்குப் பதிலாக யாரையாவது யானாமுக்குப் போட்டால் மறுநாளே அந்த ஆளுக்கு முதுகுவலி வந்துவிடும். டாக்டர் சர்டிபிகேட்டும் முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். போய்ச் சேர ராத்திரி முழுக்க ரயில், அப்புறம் பஸ், இறங்கினால் தெலுங்கு. தானாகக் கேட்டு யானாமுக்குப் போன ஆள் சங்கத்தின் சரித்திரத்திலேயே கிடையாது. போகட்டும், எந்த ஊராக இருந்தாலும் கேட்ட ஊர் கிடைத்த ஆளும் கிடையாது. வடக்கே கேட்டால் தெற்கே போடுவதுதான் நிர்வாகம் என்று அங்கே ஒரு நம்பிக்கை.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், சரிதா மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்புகிற மாற்றல் மனு கோபிநாத் மேசைக்குத்தான் வரும். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று பதில் அடித்து அனுப்புவதும் அவன்தான். அது யானாம் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் போன் வரும்.

"என்னங்க, ஆவன செய்யப்படும்னு போட்டிருக்கீங்களே. எப்பங்க செய்வீங்க?"

"நான் டைப்புதான்மா அடிச்சேன்."

"சரி, மனசுல என்ன நெனச்சு அடிச்சீங்க?"

அவன் பேச்சை மாற்றிவிடுவான். போனை வைத்த பிறகு வீட்டில் மின்விசிறி சத்தம் மட்டும் கேட்கும். மாமியார் வேறு வாரம் தவறாமல் கூப்பிட்டு, "விசேஷம் ஏதாச்சும் உண்டா மாப்ள?" என்பாள். விசேஷத்துக்கு ஆள் யானாமில் இருக்கிறது என்பதை அந்தம்மாளுக்கு எப்படி நாசூக்காகச் சொல்வது?

இந்த நிலையில்தான் எம்.டி. குத்புதீன் சார் அவனைக் கூப்பிட்டார்.

"கோபிநாத், வெள்ளிக்கெழம சேர்மன் அம்மா வர்றாங்க. ஏஐக்கு நம்ப சங்கம் தயாரா இருக்கான்னு பாக்கப் போறாங்களாம். அவங்க முன்னாடி இந்த மிஷின் நல்ல முறையில பதில் சொல்லிடணும். சொல்லிட்டா, இன்ஷா அல்லா, உங்க சம்சாரம் ஃபைலை நானே எடுத்துக் கையெழுத்து போடறேன்."

"சார், நெசமாவா?"

"வாக்கு கொடுத்துட்டேன். ஆனா ஒன்னு. அது எழுதற ஒவ்வொன்னுக்கும் என்னை ஓகே அமுக்கச் சொல்லாதீங்க. எனக்குக் கை வலிக்குது. என் கையெழுத்தை அதுலயே போட்டு வெச்சுடுங்க, தானா போவட்டும்."

ரப்பர் ஸ்டாம்பைக் கிளார்க்கிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போகிற பழக்கம் அந்தச் சங்கத்தில் ரொம்ப நாளாக உண்டு. எம்.டி.யின் டிஜிட்டல் கையெழுத்தும் அதே வழியில் மிஷினிடம் போய்ச் சேர்ந்தது. கோபிநாத் அதைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அவன் மனசு பூராவும் ரயிலிலிருந்து இறங்கி வருகிற சரிதாதான் இருந்தாள்.

அப்பேர்ப்பட்ட நேரத்தில்தான் மிஷின் வண்டுக்கு மூன்று பிரதி கேட்டது.

"இப்ப இன்னா மேடம் பண்றது?"

"நல்ல பதில் எப்படி இருக்கும்னு அதுக்கு மாதிரி காட்டணும் சார். நேரா, அன்பா, சுத்தி வளைக்காம எழுதின பதில். நெறைய வேணும்."

கோபிநாத் தானே எழுத உட்கார்ந்தான். 'அன்புள்ள வாடிக்கையாளருக்கு' வரைக்கும் நன்றாகத்தான் வந்தது. அதற்கு மேல் விரல் தானாக 'பரிசீலனை' என்று போனது. அழித்தான். மறுபடியும் 'பரி' வந்தது. மற்ற பிரிவுக்காரர்களிடம் போய் நல்ல பதிலாக ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்று கேட்டான். உரிய வழியாகக் கேட்கச் சொன்னார்கள்.

"சார், உங்க வாழ்க்கையில யாருக்காச்சும் மனசார பதில் எழுதியிருப்பீங்க இல்ல? அதைக் கொடுங்க" என்றாள் சிந்துஜா, பொறுமை போய்.

சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமல் கோபிநாத் போனைத் திறந்தான். சரிதாவுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாம் வரிசையாகக் கிடந்தது. நாலு வருஷம். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

'சாப்டியா?'

'அங்க மழையாமே, குடை எடுத்துட்டுப் போனியா?'

'உன் குரலைக் கேட்டு மூணு நாளாச்சு. ஒரு தடவ கூப்பிடேன்.'

'நீ இல்லாம இந்த வீட்டுல காபி கூட கசக்குது.'

'பேசாம நானே யானாமுக்கு வந்துடறேன். எனக்கு யானாம்தான் வேணும்.'

இந்தக் கடைசி வரியை வாரத்துக்கு நாலு தடவையாவது எழுதியிருந்தான். எழுதிவிட்டுக் காலையில் ஒழுங்காக முதலியார்பேட்டை ஆபீசுக்குத்தான் வந்திருக்கிறான், பாவம்.

 படிக்கப் படிக்க அவனுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வரியில் ஒரு 'பரிசீலனை' இல்லை, ஒரு 'ஆவன' இல்லை. கேட்டால் உடனே பதில், மனசார பதில். கல்யாணமான யாரும் ஊரார் பார்வைக்கு வைக்க மாட்டார்கள் என்கிற மாதிரி சிலது இருந்தன. அவற்றைப் பொறுக்கி நீக்கினான். 'சரிதா' என்று இருந்த இடமெல்லாம் 'வாடிக்கையாளர்' என்று மாற்றினான். மிச்சத்தை, அனுப்பியவர் பெயரும் தேதியுமாக, மொத்தமாக மிஷினுக்குள் ஏற்றினான்.

இரண்டாம் நாள் காலை, தனக்கொடி தூக்குச்சட்டியோடு அலுவலகத்துக்கு வந்து நின்றாள். பின்னாலேயே மீன் குழம்பு வாசனையும் வந்தது.

"எந்தப் புள்ளப்பா எனக்கு இதை எழுதுச்சு?" என்று போனை நீட்டினாள்.

'சாப்டியா? பருப்புல வண்டுன்னு படிச்சதும் மனசே கேக்கல. உன்னை அங்க தனியா விட்டுட்டு நான் இங்க இன்னாதான் பண்றேன்? நாளைக்கே நல்ல பருப்பு வரும். வெயில்ல அலையாத.'

"எங்க ஊட்டுக்காரரு நாப்பது வருசத்துல ஒரு நாள் என்னைச் சாப்டியான்னு கேட்டதில்ல" என்றவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் புள்ள நல்லாருக்கணும். வஞ்சிரம் வெச்சாந்தேன், குடுத்துடு."

மிஷினுக்கு வந்த வஞ்சிரத்தைக் கோபிநாத்தும் மணியம்மாளும் பங்கு போட்டுக்கொண்டார்கள். மணியம்மாள் தபால் பிரிவு. கடிதம் பிரிப்பது, அறிவிப்பு ஒட்டுவது, டீ வாங்கி வருவது எல்லாம் அவள்தான். மிஷின் வந்த அன்று அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்ததும் அவள்தான். "நான் வெச்ச பொட்டு, வீண் போவல சார்" என்று விரலை நக்கினாள்.

வீண்போகவில்லைதான். மத்தியானமே ஒரு ஆட்டோக்காரர் உள்ளே புகுந்தார். மனைவியின் போனை மேசைமேல் படாரென்று வைத்தார்.

"சோப்புத்தூள்ல நொர வரலன்னு என் பொண்டாட்டி எழுதினா. அதுக்கு 'உன் குரலைக் கேட்டு மூணு நாளாச்சு'ன்னு பதில் போட்டிருக்கான். எவன்யா அவன்?"

"அது... மிஷின் சார்."

"மிஷினுக்கு எதுக்குய்யா என் பொண்டாட்டி குரலு?"

 இரண்டு பாக்கெட் சோப்புத்தூளை இலவசமாகக் கொடுத்து, தோளைத் தட்டி, வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதற்குள் கோபிநாத்துக்குச் சட்டை நனைந்துவிட்டது.

சிந்துஜா இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "மாதிரின்னு என்ன சார் கொடுத்தீங்க?"

"பழைய கடிதப் போக்குவரத்து மேடம்."

"யாரோட?"

"யானாம் கிளையோட."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த மூன்று நாளில் அவனுடைய கதையை மணியம்மாள் அவளுக்குச் சொல்லாமல் விட்டிருப்பாளா? சிந்துஜாவின் கோபம் பாதியாகக் குறைந்தது. "எல்லாத்தையும் எடுத்துட்டுத் திரும்பப் பழக்கணும்னா ஒரு வாரம் ஆவும் சார்."

"நாளன்னிக்கு வெள்ளிக்கெழம மேடம்! வெளியாளுங்களுக்குப் பதில் போறதை மட்டும் நிறுத்திடுங்க. உள்ளே நம்ப ஸ்டாஃப் எழுதறதுக்குப் போடட்டும். என்னா பெரிசா வரப்போவுது? லீவு லெட்டர் வரும். 'சாப்டியா'ன்னு கேட்டா யாரு கோவிச்சுக்கப் போறாங்க?"

அது சரி என்றுதான் சிந்துஜாவுக்கும் பட்டது. வெளியே போகிற வழியை மூடினாள். உள்வழியைத் திறந்துவிட்டாள்.

உள்வழியில் லீவு லெட்டர் மட்டுமா இருந்தது? வருஷக்கணக்கில் 'பரிசீலனையில்' கிடந்த மாற்றல் மனுக்கள் அத்தனையும் அதே வழியில்தான் படுத்திருந்தன. காரைக்கால், மாஹே, யானாம் என்று வெளியூரில் கிடந்து தவித்தவர்கள் எழுதியவை. இத்தனை காலம் அவற்றை யாரும் மனசார வாசித்ததில்லை. மிஷின் வாசித்தது. கோபிநாத்திடம் பாடம் படித்த மிஷின் ஆயிற்றே, அதற்கு மனசு தாங்குமா?

வெள்ளிக்கிழமை காலை. சேர்மன் கமலவேணி அம்மா வந்து உட்கார்ந்து, இளநீர் குடித்து, "எங்கே, உங்க ஏஐயைக் காட்டுங்க" என்று சொன்ன நேரத்தில் கீழே தெருவில் ஆட்டோக்கள் வந்து நின்றன. படிக்கட்டில் பெட்டி இழுக்கும் சத்தம் கேட்டது.

முதலில் உள்ளே வந்தவன் மாஹே கடை ராஜா. ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் நேந்திரங்காய் வறுவல். நேராகப் போய் எம்.டி.யின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சார், டேஷனுக்கு நானே வர்றேன்னு எழுதியிருந்தீங்க. ரொம்ப நேரம் நின்னு பாத்தேன். உங்களுக்கு இன்னா வேலையோன்னு ஆட்டோ புடிச்சு வந்துட்டேன்."

"நான் எதுக்குய்யா டேஷனுக்கு வரணும்?" என்றார் குத்புதீன் சார்.

அதற்குள் காரைக்கால் கோஷ்டியும் வந்துவிட்டது. எல்லார் கையிலும் போன். எல்லார் போனிலும் ஒரே உத்தரவு. மேலே சங்கத்தின் முத்திரை, கீழே எம்.டி. கையெழுத்து. ராஜா சேர்மன் அம்மாவிடமே போனைக் கொடுத்தான். அம்மா கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"பார்வை, தங்கள் மாற்றல் மனு. நீ அங்க தனியா கெடக்கறதை நெனச்சா சோறு எறங்கல. பட்டது போதும், பொறப்பட்டு வந்துடு. குடை மறக்காத. டேஷனுக்கு நானே வர்றேன்."

 எம்.டி. கோபிநாத்தைப் பார்த்தார். கோபிநாத் தரையைப் பார்த்தான். போச்சு, எல்லாம் போச்சு. மனைவி வரமாட்டாள், வேலையும் இருக்காது, இனி காலம் பூராவும் கசப்புக் காபிதான். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவனுக்கு முன்னால் சேர்மன் அம்மா அழுதுவிட்டார்.

"கூட்டுறவுல எத்தனையோ உத்தரவு பாத்திருக்கேன்" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த மாதிரி ஒன்னைப் பாத்ததில்ல. குத்புதீன் சார், இது நீங்க எழுதினதா?"

குத்புதீன் சார் லேசுப்பட்ட ஆளா? திட்டுவதற்காகத் திறந்த வாயை அப்படியே சிரிப்பாக மாற்றினார். "எழுதினது மிஷின்தான்மா. மனசு நம்பளுது."

எல்லாரும் கை தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் கோபிநாத் நிமிர்ந்தான். கடைசி ஆளாக, தோளில் பையும் கையில் குடையுமாக வாசலில் சரிதா நின்றிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். ரயில் தூக்கம் கண்ணில் இருந்தது.

 நாலு வருஷமாக அவன் எழுதி எழுதித் தேய்ந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "வந்துட்டியா?" என்றான் கடைசியில்.

"வந்துட்டேங்க." பையை அவனிடம் கொடுத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எம்.டி. எழுதின ஆர்டர்ல குடை மறக்காதன்னு இருந்துச்சு. படிச்சதுமே தெரிஞ்சிடுச்சு, இது யாரு எழுதினதுன்னு."

"கோவமா?"

"எனக்கு எழுதினதுக்கு இல்ல. அதையே ராஜாவுக்கும் எழுதியிருக்கீங்களே, அதுக்குத்தான்."

சேர்மன் அம்மா அன்றைக்கே தீர்ப்பு சொல்லிவிட்டார். வந்தவர்கள் வந்தவர்கள்தான், யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது. சங்கம் ஏஐக்குத் தயார். குத்புதீன் சார் மெதுவாக ஒரு சந்தேகம் கேட்டார்.

"நல்லதும்மா. ஆனா மூணு ஊருலயும் கடை பூட்டிக் கெடக்குது. அங்க யாரைப் போடறது?"

"இஷ்டமில்லாதவங்களை அனுப்பித்தான் இத்தனை கண்ணீரு. இனிமே அந்த ஊரு வேணும்னு தானா எழுதிக் கேட்டவங்களை மட்டும் போடுங்க. இந்தச் சங்கத்துல யாராச்சும் என்னிக்காச்சும் கேட்டிருப்பாங்க இல்ல? ஒரு எழுத்து விடாம அந்த மிஷினையே தேடச் சொல்லுங்க."

எம்.டி. கோபிநாத்தைப் பார்த்துத் தலையசைத்தார். கோபிநாத் அப்போது எந்த வேலை கொடுத்தாலும் செய்கிற சந்தோஷத்தில் இருந்தான். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே மிஷினுக்கு உத்தரவு அடித்தான். 'உன்னிடம் உள்ள எல்லா எழுத்தையும் தேடு. காரைக்கால், மாஹே, யானாம் வேண்டும் என்று மனசாரக் கேட்டவர்கள் யார் என்று கண்டுபிடி. அவரவர் கேட்ட ஊருக்கு அன்போடு ஆணை போடு.'

"யானாமுக்கு யாரு சார் கேட்டிருக்கப் போறா?" என்றாள் பக்கத்தில் நின்ற மணியம்மாள்.

"அதானே! எவனுக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு?" என்று சிரித்துவிட்டு, பதில் வருவதற்குள் கோபிநாத் சரிதாவோடு ஸ்கூட்டரில் ஏறிப் பறந்துவிட்டான்.

வழியில் மார்க்கெட்டில் மீன் வாங்கினார்கள். வீடு வந்ததும் அவள் புடவையைச் சொருகிக்கொண்டு அடுப்பங்கரையில் நுழைந்தாள். கோபிநாத் கூடத்தில் உட்கார்ந்து வீட்டைப் பார்த்தான். கொடியில் அவள் துண்டு. கண்ணாடி முன்னால் அவள் சீப்பு. இத்தனை நாள் இந்த வீட்டில் இல்லாமல் இருந்தது இவ்வளவுதானா? இவ்வளவுக்காகவா இப்படி ஏங்கினோம் என்று நினைத்தான். ஆமாம், இவ்வளவுக்காகத்தான்.

பேச நிறைய இருந்தது, எங்கே ஆரம்பிப்பது என்றுதான் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பழக்கமே விட்டுப்போயிருந்தது. போன் சிணுங்கியது. 'சாப்ட வாங்க' என்று அடுப்பங்கரையிலிருந்து அனுப்பியிருந்தாள். 'இதோ வர்றேன்' என்று இவன் கூடத்திலிருந்து பதில் அடித்தான். அடித்த பிறகுதான் உறைத்தது. இரண்டு பக்கமும் சிரிப்பு வெடித்தது.

"போனைத் தூக்கிப் போடுங்க. வாயத் தொறந்து கேளுங்க."

"சாப்டியா?" என்றான் கோபிநாத். நாலு வருஷத்தில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்பது அதுவே முதல் தடவை.

சரிதா இல்லை என்று தலையை ஆட்டினாள். அப்புறம் தோசைக் கரண்டியைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் அழுதாள். காபி போட்டுக் கொடுத்தாள், கசக்கவில்லை. போனை அணைத்துப் பீரோவில் போட்டுப் பூட்டினார்கள். மாமியார் கூப்பிட்டிருந்தால்கூட எடுத்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் காலை இருவரும் ஒன்றாகவே அலுவலகம் வந்தார்கள். சரிதா வேலையில் சேர்ந்ததற்குக் கையெழுத்துப் போட எம்.டி. அறைக்குப் போனாள். முடித்து வருகிறவளைத் தன் பக்கத்து மேசையில் உட்கார வைக்க வேண்டும் என்று கோபிநாத் தூசி தட்டிக்கொண்டிருந்தான். அறிவிப்புப் பலகையில் எதையோ ஒட்டிவிட்டு மணியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"மிஷின் ஆர்டர் போட்டுடுச்சு சார். காரைக்காலுக்குக் கடைப் பக்கத்துலேர்ந்து ரெண்டு பேரு கேட்டிருந்தாங்களாம். மாஹேக்கு ஒருத்தரு. எம்.டி. கையெழுத்தோட ராத்திரியே எல்லாருக்கும் போயிடுச்சு. சேர்மன் அம்மா சொன்னபடிதான், மாத்த முடியாதாம்."

"யானாமுக்கு?"

"அதுக்கும் ஆள் கெடச்சிடுச்சு சார். ஒரே ஒருத்தரு. வாரத்துக்கு நாலு வாட்டி, எனக்கு யானாம்தான் வேணும்னு வருசக்கணக்கா கேட்டுட்டே கெடந்தாராம்."

"அடப்பாவி! கேட்டும் இத்தினி நாள் கொடுக்காம வெச்சிருந்தாங்களா?" கோபிநாத்துக்கு அந்த முகம் தெரியாத ஆளை நினைத்து உண்மையாகவே மனசு இளகியது. "யாரு மணியம்மா அந்தப் புண்ணியவான்?"

மணியம்மாள் வாயெல்லாம் பல்லாக அவன் முன்னால் கையை நீட்டினாள்.

"இந்த ஆபீசுல கேட்ட ஊரு கெடச்ச மொத ஆளு நீங்கதான் சார், ஸ்வீட் எடுங்க!"